பின்னட்டைச் சீட்டும் கடலை மிட்டாய்ப் பிசுக்கும்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் 22 வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு எனக்குத்தான் கொடுத்தார்கள், கேள்விகளுக்குக் கொடுக்கவில்லை. காய்கறிக் கடையில் நிறுத்தி, "லைப்ரரி அக்கா, எம் மகனுக்கு என்ன புஸ்தகம் வாங்கலாம்? புக்கைக் கண்டாலே ஓடுதான்" என்பார்கள். கையில் புடலங்காயைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னால் பாதிதான் வாயில் வருகிறது. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

என் தராசை முதலில் காட்டிவிடுகிறேன். நூலகப் புத்தகத்தின் பின்னட்டையில் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் முத்திரை நெருக்கமாக விழுந்திருந்தால் நிறையப் பேர் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எடுத்தவர்கள் எல்லாரும் படித்தார்களா? அதற்கு வேறு சோதனை உண்டு. புத்தகத்தின் முதுகை மேசையில் ஊன்றி இரண்டு கையையும் எடுத்துவிட வேண்டும். அது தானாக ஒரு பக்கத்தில் விரியும். அந்தப் பக்கத்தில்தான் ஊர் நின்று படித்திருக்கிறது. எண்ணெய்க் கறை, முடங்கிய ஓரம், கடலை மிட்டாய்ப் பிசுக்கு எல்லாம் அங்கேதான் இருக்கும். பளபளவென்று திரும்பி வருகிற புத்தகத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

எங்கள் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' பிரதி கக்கூஸ் பக்கத்தில் விரியும். நிஜமாகத்தான். டோட்டோ-சானின் பர்ஸ் கழிவறைக் குழிக்குள் விழுந்துவிடுகிறது. அவள் ஒரு நீளமான அகப்பையைக் கொண்டுவந்து குழியைத் தோண்டி அள்ளி மேலே குவித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வழியாக வருகிற தலைமையாசிரியர் கோபாயாஷி ஒரு சத்தம் போட வேண்டுமே, இல்லை. முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். இந்த இடத்தைப் படித்துவிட்டுச் சிரிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அதே பக்கத்தில் அமைதியாகிப்போன ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன்.

டெட்சுகோ குரோயாநாகி தன் சொந்தப் பள்ளி நாட்களைத்தான் எழுதியிருக்கிறார். ஓடாத ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும். 1945 குண்டுவீச்சில் அந்தப் பள்ளி எரிந்துபோனது. ஜப்பானியில் 1981இல் வந்த புத்தகம், தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. பத்து வயதுக்கு மேல் தானாகப் படிக்கலாம், அதற்குக் கீழே என்றால் ராத்திரிக்கு ஓர் அத்தியாயம் நீங்கள் வாசித்துக் காட்டலாம். அத்தியாயம் எல்லாம் இரண்டு மூன்று பக்கம்தான், சாதம் ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: படித்துவிட்டு, "எங்க ஸ்கூல் ஏன் இப்படி இல்ல?" என்று கேட்பார்கள். ஒரு அம்மா இதற்காகவே என்னிடம் சண்டைக்கு வந்தார்.

எழுத்துக் கூட்டத் தொடங்காத குட்டிகளுக்குக் கதைப் புத்தகத்தைவிடப் பாட்டுப் புத்தகம் மேல். அழ. வள்ளியப்பாவைத் தாண்டி நான் யோசித்ததே இல்லை. எட்டு லட்டைப் பங்கு போடுகிற பாட்டை ஒரு தடவை சொல்லிக் காட்டினால் போதும், மறுநாள் அந்தப் பிள்ளை உங்களுக்குச் சொல்லிக் காட்டும். கணக்கும் உள்ளே இருக்கிறது, ஆனால் கணக்கு என்று எழுதி ஒட்டவில்லை. ஒவ்வொரு கதையின் அடியிலும் கட்டம் கட்டி 'நீதி' என்று போடுகிற பளபளப்புத் தாள் புத்தகங்கள் பஸ் ஸ்டாண்டில் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றனவே, அவற்றை வாங்காதீர்கள். பிள்ளைகள் கதையைப் படித்துவிட்டுக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கட்டத்தைப் படிப்பவர்கள் பெற்றோர்கள்தான்.

காமிக்ஸ் பற்றி. "காமிக்ஸ் எல்லாம் லைப்ரரியில் எதுக்கு?" என்று கேட்ட தலைமையாசிரியர் உண்டு. அவருடைய பள்ளியில் வாசிக்கத் திணறிக்கொண்டிருந்த ஒரு ஏழாம் வகுப்புப் பையன், 'இரும்புக்கை மாயாவி'யில்தான் நெடிலையும் குறிலையும் பிரித்துப் படிக்கக் கற்றான். முத்து காமிக்ஸ் 1972இல் அந்த மாயாவியோடுதான் தொடங்கியது, சிவகாசியிலிருந்து. எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்ச் சரக்கு என்பதால் நான் பாரபட்சம் காட்டுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது லயன், முத்து இரண்டிலும் லக்கி லூக், டெக்ஸ் வில்லர் என்று வண்ணத்தில் வருகின்றன. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் ஒரு காமிக்ஸ் ஒரு தெருவுக்கே போதும். எங்களுடைய பழைய பிரதிகளில் கடலை மிட்டாய்ப் பாகு ஒட்டி, இரண்டு பக்கம் ஒன்றாகிப் பிரியவே பிரியாது. பாதிக் கதையை ஊகித்துக்கொண்டே படித்தார்கள்.

அந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒன்பதுக்கு வந்தபோது நான் கையில் கொடுத்தது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஜீவா என்கிற சர்வாதிகாரி ஆளுகிற நாடு. ஆட்களுக்கு இரண்டே எழுத்தில் பெயர். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். இதற்கு நடுவே ஜீனோ என்ற இயந்திர நாய், புத்தகம் படிக்கும், எதிர்க்கேள்வி கேட்கும். விகடனில் தொடராக வந்தபோது எதிர்காலமாக இருந்த ஆண்டுகளை நாம் தாண்டியாயிற்று. அதனால் இப்போது படிக்கும்போது எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சரிபார்க்கும் விளையாட்டும் சேர்ந்துகொள்கிறது. சுஜாதாவின் எல்லாப் புத்தகமும் பிள்ளைகளுக்கு ஆகாது. இது ஆகும்.

பெண் பிள்ளை வீட்டில் இருந்தாலும் சரி, ஆண் பிள்ளை இருந்தாலும் சரி, யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' இருக்கட்டும். தொடுகை பற்றிப் பெற்றவர்கள் வாயில் வராத பேச்சை ஒரு மரப்பாச்சி பொம்மை பேசிவிடுகிறது. 2020க்கான பால சாகித்திய புரஸ்கார் கிடைத்த புத்தகம். மூன்று வருஷம் கழித்து அதே விருது உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'க்கு வந்தது. கீழடியை வைத்து எழுதிய கதை. அரையாண்டு விடுமுறையில் கீழடிக்குக் கூட்டிப்போகிற திட்டம் இருந்தால் போவதற்கு முந்தின வாரம் கொடுங்கள், வந்த பிறகு கொடுத்தால் பாதி ருசி போய்விடும்.

பெரியவர்களுக்கு வருவோம். "பொன்னியின் செல்வன் இருக்கா?" 2022இல் படம் வந்த பிறகு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியது. எங்களிடம் ஐந்து பாகமும் இருந்தன. முதல் பாகத்தின் சீட்டில் முத்திரை குத்த இடமில்லை. ஐந்தாம் பாகம் கல்யாணப் பட்டுப் புடவை மாதிரி மடிப்புக் கலையாமல் இருந்தது. இது கல்கியின் குற்றம் இல்லை. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்ததை ஒரே மூச்சில் விழுங்கப் பார்க்கிறார்கள், விக்கிக்கொள்கிறது. தினம் இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் வந்தியத்தேவனோடு கடைசி வரை போய்ச் சேரலாம். வாங்குவதாக இருந்தால் கடையிலேயே புரட்டிப் பாருங்கள். நாட்டுடைமை ஆன எழுத்து, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். நான் சொந்தக் காசில் வாங்கின ஒரு மலிவுப் பதிப்பில் மூன்றாம் பாகத்தில் ஒரு ஃபாரம், அதாவது சேர்த்து அச்சடிக்கிற பதினாறு பக்கக் கட்டு, இரண்டு தடவை வந்திருந்தது, அடுத்த ஃபாரத்தைக் காணோம். பதினாறு பக்கத்துக்கு என்ன நடந்தது என்று நூலகப் பிரதியை எடுத்துவந்துதான் தெரிந்துகொண்டேன். மணியம் வரைந்த படங்களோடு இருக்கிற பதிப்பு கிடைத்தால் நூறு இருநூறு கூடக் கொடுக்கலாம்.

எனக்கு மனசு ஒட்டின சரித்திரக் கதை அது இல்லை. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', 1976இல் வந்தது. கி.ரா.வின் இடைசெவல் எங்களுக்குப் பக்கத்து ஊர். அதனால் கரிசல் மண்ணுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்கலாம். ஒரு சம்பவம் சொல்கிறேன். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த ஒரு அக்கா, சனிக்கிழமை தவறாமல் வருவார். வார இதழ் மட்டும்தான் புரட்டுவார், அதுவும் நின்றபடியே. ஒரு நாள் இதைக் கையில் திணித்துவிட்டேன். பதினைந்து நாள் கழித்து வந்தார். மேசையில் வைத்துக் கையை எடுத்தேன், புத்தகம் கதையில் வருகிற கிழவி மங்கத்தாயாரு அம்மாள் பேசுகிற பக்கத்தில் விரிந்தது. ஓரத்தில் ஒரு விரல் ரேகை, தீப்பெட்டி மருந்தின் பழுப்பு நிறத்தில்.

"நல்லா இருந்துச்சாக்கா?"

"இது எங்க அவ்வா சொன்ன கதைல்லா. அவ்வா சொன்னதை எழுதி வச்சிருக்காகளே, இவுகளுக்கு யாரு சொன்னா?"

அவ்வா என்றால் பாட்டி. அவர் வீட்டிலும் தெலுங்குதான் பேச்சு. ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஊரைவிட்டுக் கிளம்பித் தெற்கே தெற்கே நடந்துவந்த தெலுங்கு பேசுகிற கூட்டத்தின் கதை அது. புத்தகத்தின் தொடக்கத்தில் ஒரு கொலை வருகிறது, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பெரியவர்கள் முதல் முப்பது பக்கத்தில் பேச்சு மொழியைக் கண்டு மிரளாமல் தாண்டிவிட்டால் அப்புறம் கீழே வைக்க மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பு என்றால் முகத்தைச் சுளிக்கிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் மருந்து 'ஆரோக்கிய நிகேதனம்'. வங்காளத்தில் தாராசங்கர் பந்தோபாத்யாய எழுதியது, தமிழில் த.நா. குமாரஸ்வாமி. ஜீவன் மஷாய் என்கிற கிழ வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, பிழைப்பாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவார். ஊருக்குப் புதிதாக வந்த இங்கிலீஷ் டாக்டருக்கு அது பிடிக்காது. இந்தச் சண்டையில் கதாசிரியர் யார் பக்கமும் சாயாமல் நிற்கிறார், அதுதான் பெரிய வித்தை. சொந்த மகனின் நாடியைப் பிடித்துப் பார்க்கிற இடம் வரும். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வீட்டில் வயதானவர் படுத்த படுக்கையாக இருக்கும் சமயத்தில் இதைக் கொடுக்காதீர்கள். எல்லாம் முடிந்து ஒரு வருஷம் போகட்டும்.

கதையே வேண்டாம் என்பவர்களுக்கு உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. கனத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிற இடத்தில் தொடங்குங்கள். இவர் தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அவரோ அசையவில்லை, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்விதான் ஐயரை ஏடு தேடி ஊர் ஊராக அலையவிட்டது. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. இதைப் படித்துவிட்டு முந்தின பகுதிக்குத் திரும்பிப் போய், வாத்தியாரைத் தேடி அப்பாவும் மகனும் அலைகிற பக்கங்களுக்கு வாருங்கள். டியூஷனுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் அப்பாக்கள் இதை ரசித்துப் படித்திருக்கிறார்கள்.

சுருக்கமாக இன்னும் இரண்டு. மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்', தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. படித்த பிறகு கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருப்பது வெறும் குருவி இல்லை, அதற்கு ஒரு பேர் இருக்கிறது என்று நின்று பார்ப்பீர்கள். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' பன்னிரண்டு வயதுக்கு மேல் யாருக்கும் கொடுக்கலாம். காட்டில் உடைத்துப் போட்ட பீர் பாட்டில் யானையின் காலில் ஏறினால் என்ன ஆகும் என்று தெரிந்த பிள்ளை டாப்ஸ்லிப் காட்டுக்குச் சுற்றுலா போனால் பாட்டிலைக் கையோடு திரும்பக் கொண்டுவரும்.

கடைசியாக, பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கக் கிளம்புகிற பெரியவர்கள் போவதற்கு முன் படிக்க வேண்டிய ஒரு சிறுகதை. கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. இவரும் இடைசெவல்காரர்தான், என்ன செய்ய! விடுமுறை நாளில் பிள்ளைகள் வந்து புத்தகம் எங்கே என்று ஒருவரைக் குடைகிறார்கள். அவர் யாருக்குக் கொடுக்கிறார், யாருக்குக் கொடுக்க மறந்துபோகிறார் என்பதுதான் கதை. முடிவைச் சொல்ல மாட்டேன். பதினைந்து நிமிஷத்தில் படித்துவிடலாம்.

நூலகத்தில் இருந்தவரை, இரண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்து மூத்தவனுக்கு மட்டும் உறுப்பினர் அட்டை கேட்கிறவர்களிடம் முதலில் அந்தக் கதையைத்தான் நீட்டுவேன். "அங்கன உக்காந்து படிச்சிட்டு வாங்க, ஃபாரம் தாரேன்" என்பேன். சிலர் முறைத்துவிட்டுப் போவார்கள். படித்தவர்கள் திரும்பி வந்து இரண்டு ஃபாரம் கேட்பார்கள்.