பிளைண்ட் ஸ்டீல்: 2 மடங்கா, 3 மடங்கா, மொத்தமா தள்றதா?

போக்கர் டோர்னமென்ட்ல ஆன்டி (கார்டு பாக்குறதுக்கு முன்னாடியே கட்டாயமா போடுற கூடுதல் சிப்ஸ்) ஆரம்பிச்ச பிறகு நல்ல கார்டு வரட்டும்னு கையக் கட்டிட்டு உக்காந்திருந்தா ஸ்டாக், அதான் கையில இருக்கிற சிப்ஸ், தானா கரைஞ்சுடும், அத புதுசா சொல்ல வேண்டியதில்ல. மத்தவங்கள மடிக்க வச்சு நடுவுல கிடக்குறத அள்றதுதான் ஸ்டீல், அத எவ்ளோ போட்டு பண்றதுங்கிறதுலதான் சண்டையே. நான் ரொம்ப நாள் பிக் பிளைண்டுக்கு 3 மடங்கு போட்டவன், இப்ப பட்டன்ல (டீலர் சீட், ஃப்ளாப்புக்கு அப்புறம் கடைசியா ஆடுற இடம்) இருந்தா 2, மிஞ்சிப்போனா 2.2. திரும்பிப் போற ஐடியா இல்ல.

பட்டனுக்கு அடுத்த ரெண்டு பேர் கட்டாயமா போடுறதுதான் ஸ்மால் பிளைண்டும் பிக் பிளைண்டும், அந்த ஆளுங்களையும் அதே பேர்லதான் சொல்லுவோம். பிளைண்ட் 500/1000, டேபிளுக்கே சேர்த்து பிக் பிளைண்ட் ஒருத்தரே போடுற ஆன்டி 1000னு வைங்க. நீங்க சிப்ஸ தொடுறதுக்கு முன்னாடியே நடுவுல 2500 கிடக்கு, ஒரு ரவுண்டு சுத்தி வர உங்களுக்கு ஆகுற செலவும் அதே 2500தான். 2000க்கு ரெய்ஸ் பண்ணா 100ல 45 தடவை ரெண்டு பிளைண்டும் ஃபோல்ட் பண்ணாலே (கார்ட மடிச்சாலே) கைய கடிக்காது, 3000ன்னா 55 தடவை மடிக்கணும்.

3 மடங்கு ஆளுங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. 2000க்கு பிக் பிளைண்ட் இன்னும் 1000 போட்டா போதும், 18 சதவீதம் ஜெயிக்க சான்ஸ் இருந்தாலே அவருக்கு கட்டும், அதனால கண்டதையும் வச்சு கால் பண்ணுவாரு. 3000ன்னா கிட்டத்தட்ட 27 வேணும். ஆனா கால் பண்ணிட்டா கதை முடிஞ்சுதா என்ன, ஜோடி இல்லாத கை மூணுல ரெண்டு தடவை ஃப்ளாப்ப (நடுவுல முதல்ல திறக்குற மூணு பொது கார்டு) மிஸ் பண்ணும், அவருதான் முதல்ல ஆடணும், பெரும்பாலும் செக் பண்ணுவாரு (எதுவும் போடாம விடுவாரு), நாம பார்த்துட்டு சின்னதா பெட் போட்டா பாதி நேரம் அங்கயே விட்டுட்டுப் போயிடுவாரு.

என்னை மாத்துனது வேற, மேல வந்து விழுற ஆல் இன். கையில 18,000, பட்டன்ல கிங் 7 வச்சு ரெய்ஸ் பண்றீங்க, பிக் பிளைண்ட் மொத்தத்தையும் தள்ளிடறாரு, ஃபோல்ட் பண்ணித்தான் ஆகணும். 2000 போட்டிருந்தா 16,000 மிச்சம், 3000ன்னா 15,000. ஒரு தடவைன்னா பெருசா தெரியாது, இதே மாதிரி மூணு தடவை ஆச்சுன்னா, நடுவுல கட்டுற பிளைண்ட விட்டுட்டாலும், ஒண்ணுல 12, இன்னொண்ணுல 9 பிக் பிளைண்ட்ல நிப்பீங்க. 12ல இன்னும் நீங்க தள்ளுனா பயப்படுவாங்க, 9ல பிக் பிளைண்ட் ஏற்கனவே கணக்கு போட்டு வச்சிருப்பாரு. ஸ்டீல் தோக்கும்போது எவ்ளோ போகுதுங்கிறததான் நான் முதல்ல பாக்குறேன், ஜெயிக்கும்போது ரெண்டுலயும் கிடைக்கிறது அதே 2500தானே.

மொத்தமா தள்றது? 10 பிளைண்டுக்குக் கீழ யோசிக்கவே வேணாம், தள்ளுங்க. 18 வச்சுக்கிட்டு 2500க்காக தள்றது எனக்கு ஒத்து வராது. 11லருந்து 14 வரைக்கும் எது சரின்னு எனக்கே இன்னும் பிடிபடல, டேபிள பார்த்துதான் முடிவு பண்றேன், பிரைஸ் கிட்ட நெருங்கும்போது இன்னும் குழப்பம்.

ஆன்டியே இல்லாத வீட்டு கேம்ல 2 மடங்கு போடாதீங்க, அங்க எவனும் ஃபோல்ட் பண்ண வரல, 3 போட்டாலும் கால்தான், நல்ல கை இருந்தா மட்டும் போடுங்க.