உப்புத்தண்ணித் தொட்டிக்கு டெஸ்ட் கிட்: ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு

ஷாப்பியில் விலை இறங்கியிருக்கிறது என்று கூலிமிலிருந்து மச்சான் படம் எடுத்து அனுப்பினார். "உங்க வீட்ல இருக்கிறது இதானே மச்சான்? வாங்கிப் போட்டுறவா?" பி.எச்., அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று நாலும் ஒரே டப்பாவில் வருமே, அந்தச் சொட்டு மருந்து செட். வாட்ஸ்அப்பில் பதில் தட்ட ஆரம்பித்தேன், முடியவே இல்லை. அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

எப்படி டெஸ்ட் எடுப்பது என்றெல்லாம் விளக்கப் போவதில்லை. குழாயில் தண்ணி, கணக்காகச் சொட்டு, அஞ்சு நிமிஷம், அட்டையோடு ஒப்பிடு. எனக்குச் சண்டை அந்த நைட்ரைட் அட்டையோடுதான். வெளிர் நீலத்தில் ஆரம்பித்துக் கடைசிக் கட்டம் கரு ஊதா, பக்கத்தில் 5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 5 பங்கு) என்று போட்டிருக்கும். 5க்கு மேல் என்ன என்று அட்டையும் சொல்லாது, உள்ளே இருக்கும் தாளும் சொல்லாது.

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் உப்புத்தண்ணித் தொட்டி வைப்பதே ஒரு மாதிரியான ஆசை. கடல் வேண்டுமென்றால் லூமுட் பக்கம் போகணும், கடல் மீன் கடை வேண்டுமென்றால் ஈப்போ. இங்கே டவுனில் லோஹான், அரோவானா மாதிரி நல்ல தண்ணி மீன்கள் கிடைக்கும். மீன் தொட்டிக்கு உப்பு கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். உயிருள்ள பாறை (பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கும் கடல் பாறை) வாங்கி இந்த வெயிலில் காரில் கொண்டுவர மனசு வரவில்லை. காய்ந்த பாறை, அரகோனைட் மணல், தண்ணி மிஷினில் பிடித்த ஆர்.ஓ. தண்ணி, பாக்கெட் உப்பு, பாட்டில் பாக்டீரியா, அமோனியம் குளோரைடு. அடர்த்தி 1.025. வெப்பம் 29ஐ விட்டு இறங்காது, ஃபேன் போட்டும்.

மீன் விடுவதற்கு முன் தொட்டியில் பாக்டீரியா வளரணும்: ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும்; இதைத்தான் சைக்கிள் என்பார்கள். அமோனியா ஒழுங்காக இறங்கியது. 2 பி.பி.எம். போட்டால் மறுநாள் இல்லை. அதோடு நின்றது கதை. நைட்ரைட் குழாய் ஊதா. அடுத்த வாரமும் ஊதா. தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது, உள்ளே ஒரு மீன் இல்லை, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "பாறை வளர்க்கிறீங்களா?" என்று கேட்கிறார்கள். கடையில் கேட்டால் "சைக்கிள் நின்னுருச்சு, இன்னொரு பாட்டில் ஊத்துங்க, அமோனியா தினமும் போடுங்க, பாக்டீரியாவுக்குச் சாப்பாடு வேணும்" என்றார்கள். 38 வெள்ளி (ரிங்கிட்) ஒரு பாட்டில். ஊற்றினேன், போட்டேன்.

முடிச்சை அவிழ்த்தது பக்கத்து வீட்டுத் தம்பி. செம்பனை ஆலை லேப்பில் வேலை செய்கிறவன், கழிவுக்குளத்துத் தண்ணியோடு தினமும் பழகுகிறவன். குழாயைப் பார்த்ததும், "தண்ணி கலக்காமலா பார்த்தீங்க அண்ணே?" என்றான். ஆலையிலிருந்து வரும் சுத்திகரிக்காத கழிவின் பி.ஓ.டி. (கழிவு எவ்வளவு ஆக்சிஜன் குடிக்கும் என்ற அளவு) 25,000 சுற்றி இருக்கும், அதை அப்படியே எந்த மனுஷனும் அளக்க மாட்டான், நீர்த்துத்தான் அளப்பான். ஊசியில்லாத சிரிஞ்சில் தொட்டித் தண்ணி 1 மில்லி, ஆர்.ஓ. தண்ணி 9 மில்லி எடுத்துக் கலக்கினான். அதிலிருந்து குழாய்க்கு 5 மில்லி, அஞ்சு சொட்டு. வாசலுக்கு வந்து, கோயில் திருவிழா நோட்டீஸின் வெள்ளை முதுகில் குழாயைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். பத்து மடங்கு நீர்த்ததும் 5 காட்டியது. அப்படியானால் தொட்டியில் குறைந்தது 50.

ஐந்து கிலோ தராசில் செம்பனைக் குலையை வைத்துவிட்டு, முள் ஏன் நகர மாட்டேன் என்கிறது என்று இத்தனை வாரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

கணக்கைப் போட்டால் இன்னும் எரிச்சல் வரும். அமோனியா நைட்ரைட்டாக மாறும்போது ஆக்சிஜன் சேர்ந்து எடை கூடுகிறது: 1 பி.பி.எம். அமோனியா, சுமார் 2.7 பி.பி.எம். நைட்ரைட். அதாவது எல்லாரும் சொல்லும் அந்த 2 பி.பி.எம். டோஸை ஒரே ஒரு தடவை போட்டாலே 5.4. அட்டை அங்கேயே முடிந்துபோயிற்று. புதுத் தொட்டிக்காரனுக்கு என்று விற்கும் கிட், புதுத் தொட்டியின் முதல் டோஸையே அளக்காது. நைட்ரைட் 50இலிருந்து 30க்கு இறங்கினாலும் அதே ஊதா. இறங்குகிறதா நிற்கிறதா என்று கடவுளுக்குத்தான் தெரியும். போதாததற்கு, நைட்ரேட் டெஸ்ட் உள்ளுக்குள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கித்தான் நிறம் காட்டுகிறது. தொட்டியில் ஏற்கெனவே நைட்ரைட் நிறைந்திருந்தால் அதுவும் பொய்யாக ரத்தச் சிவப்பு காட்டும்.

ஆனால் நியாயமாகவும் பேசணும். எல்லாம் அட்டையின் மாயம் என்று சொல்ல முடியாது, தொட்டியும் நிஜமாகவே தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. தம்பி கேட்ட இரண்டாவது கேள்வி: "கே.எச். பார்த்தீங்களா?" கே.எச். என்றால் அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மை; இந்த டப்பாவில் அது கிடையாது. தனியாக ஒரு குட்டிப் பாட்டில் வாங்கினேன். மச்சான், இந்த வருஷம் பூராவும் எனக்குப் பிடித்த சாமான் அதுதான். அட்டையே இல்லை! ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்கணும். நீலம் சட்டென்று மஞ்சளாகும், எத்தனை சொட்டோ அத்தனை டிகிரி. டியூப் லைட், ஜன்னல் வெளிச்சம், கண்ணாடி போட்ட கண், போடாத கண், எதற்கும் சண்டை இல்லை. புது உப்புத்தண்ணியில் எட்டு சொட்டு வேண்டியிருந்தது. என் தொட்டித் தண்ணி இரண்டாவது சொட்டிலேயே மஞ்சளாகிவிட்டது.

காரணம் இதுதான். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா அமிலத்தை வெளியே விடும், அது தண்ணியின் காரத்தன்மையைத் தின்றுவிடும். 20 பி.பி.எம். அமோனியா போட்டு மாறி முடிந்தால் ஆறு டிகிரிக்கு மேல் கே.எச். காலி. இந்தப் பாக்டீரியாக்கள் உடம்பு வளர்ப்பதும் தண்ணியில் கரைந்த கார்பனேட்டை, கார்பன் டை ஆக்சைடை வைத்துத்தான். பி.எச். 8 பக்கம் இருந்தால் சுறுசுறுப்பு, இறங்க இறங்க மந்தம். "தினமும் போடுங்க" என்ற யோசனை சாப்பாடும் போட்டு வீட்டையும் இடித்துக்கொண்டிருந்தது. பி.எச். டெஸ்ட் ஏன் முன்னாடியே காட்டவில்லை என்கிறீர்களா? அந்த அட்டையை விரித்துப் பாருங்கள், பழுப்புக்கும் பக்கத்துப் பழுப்புக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள்.

வைத்தியம் சுலபம். அமோனியாவை நிறுத்தியாச்சு. பாதித் தண்ணி மாற்றினேன், மறுபடி பாதி; நைட்ரைட் கால்வாசிக்கு வந்தது, கே.எச். தானாக ஏறியது. தம்பி சொல்லி மீன் தீனி ஒரு சிட்டிகை போட்டேன். ஆர்.ஓ. தண்ணி, காய்ந்த பாறை, சுத்தமான அமோனியா என்று எல்லாமே சுத்தமாக இருந்தால் தொட்டியில் பாஸ்பேட் போதாமல் போகலாம், அது இல்லாமல் நைட்ரைட் தின்கிற கூட்டம் பெருகாதாம். குமிழிக்கு ஒரு ஏர் பம்ப்; வெந்நீர் மாதிரி கிடக்கும் உப்புத்தண்ணியில் ஆக்சிஜன் குறைவு. மூன்றாவது பாட்டில் பாக்டீரியாவைத் திறக்கவே இல்லை. ஒரு நாள் காலையில் குழாய் நீலமாக நின்றது, நீர்க்காமலே.

அப்புறம் தெரிந்ததுதான் உச்சம். உப்புத்தண்ணியில் குளோரைடு அவ்வளவு இருப்பதால் நைட்ரைட் மீனின் செவுள் வழியாக அவ்வளவாக உள்ளே போக முடியாது. நல்ல தண்ணி மீனுக்கு அது எமன், ரத்தம் பழுப்பாகிவிடும். கடல் மீனுக்கு அமோனியாதான் எமன். லோஹான் வளர்த்தவர்கள் கொடுத்த பயத்தில், அட்டையில் கொஞ்சம் ஊதா தெரிந்தாலே க்ளவுன் மீனை வாங்காமல் திரும்பி வந்த நாள்கள் உண்டு.

மற்றதை ஓட்டமாகச் சொல்கிறேன். அமோனியா டெஸ்ட் டியூப் லைட்டில் எப்போதும் லேசான பச்சை காட்டும், பகல் வெளிச்சத்தில் மஞ்சள், பகலில் பாருங்கள். நைட்ரேட் இரண்டாவது பாட்டிலை மேஜையில் தட்டி நல்லா குலுக்காவிட்டால் அடியில் படிந்தது வராது, பொய் சொல்லும். பாட்டிலைச் சாய்க்காமல் நேராகக் கவிழ்த்துச் சொட்டு விடணும். இத்தனை நாளில் ஒரு பாட்டிலும் ஒழுகவில்லை, குழாய் ஒன்றும் உடையவில்லை, சொட்டும் சீராகத்தான் விழுகிறது. ஈப்போ கடையில் டிஜிட்டல் மீட்டரில் வைத்துப் பார்த்தபோது நைட்ரேட் ஏறக்குறைய ஒத்துத்தான் இருந்தது. விலைக்கு இதைவிட நல்லது கிடையாது.

ஆனாலும் வாங்காதீர்கள் மச்சான். கே.எச். பாட்டில் ஒன்று, தனியாக விற்கும் அமோனியா டெஸ்ட் ஒன்று, மருந்துக்கடையில் 10 மில்லி சிரிஞ்ச் இரண்டு, போதும். நைட்ரைட் டெஸ்ட் என்னுடையது முக்கால் பாட்டில் அப்படியே இருக்கிறது. தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போங்கள், அட்டையையும் சேர்த்து. அடுத்த வருஷம் மார்ச்சோடு எக்ஸ்பைரி, அதற்குள் தொட்டியை வையுங்கள்.