வாஷிங்டனில் யார் யாருக்காகப் பேசுகிறார்கள்: ஃபாரா ஆவணத் தளம் குறித்து ஒரு மதிப்புரை

வெளிநாட்டு அரசு ஒன்று அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களைத் தன் பக்கம் இழுக்க வாஷிங்டனில் ஆள் அமர்த்தினால், அவர் ஒப்புக்கொண்ட 10 நாட்களுக்குள் அமெரிக்க நீதித்துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். நாஜி ஜெர்மனியின் பிரசாரத்தை அம்பலப்படுத்துவதற்காக 1938-இல் கொண்டுவரப்பட்ட ஃபாரா (FARA) எனும் வெளிநாட்டு முகவர்கள் பதிவுச் சட்டத்தின் விதி இது. அந்தப் பதிவுகளையெல்லாம் நீதித்துறையின் ஃபாரா தளத்தில் எவரும் காசு கொடுக்காமல் படிக்கலாம்.

நாட்டின் பெயரைக் கொண்டு தேடினால், அந்நாட்டுக்காக வேலை செய்யும் நிறுவனங்கள் வரிசையாக வருகின்றன. புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் ஒப்பந்த நகலையும், அடுத்து ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தாக்கலாகும் அறிக்கையையும் திறப்பது நல்லது. யாரிடம், எந்த நாளில், எதைப் பற்றிப் பேசினார்கள், எவ்வளவு வாங்கினார்கள், எதற்குச் செலவழித்தார்கள் என்பதெல்லாம் அந்த அறிக்கையில்தான் இருக்கும். ஆனால் ‘எதைப் பற்றி’ என்ற இடத்தில் ‘இருதரப்பு உறவு’ என்பதுபோல் ஒரே சொல்லைப் பக்கம் பக்கமாக நிரப்பிவைப்பவர்களும் உண்டு. சட்டத்துக்கு அது போதும், படிப்பவருக்குப் போதாது.

தளத்தின் பலமும் பலவீனமும் ஒரே ஆவணத்தில் தெரியும் இடம் சவுதி அரேபியாவின் கணக்கு. செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தோரின் குடும்பங்கள் சவுதி அரசின்மீது வழக்குத் தொடர வழிசெய்யும் சட்டத்தை, ஒபாமாவின் வீட்டோவையும் மீறி 2016 செப்டம்பரில் காங்கிரஸ் நிறைவேற்றியது. செனட்டில் 97 பேர் ஆதரவு, ஒரே ஒருவர் எதிர்ப்பு. அதைத் திருத்தச் சொல்லி வாதாட, முன்னாள் அமெரிக்கப் படைவீரர்கள் தலைநகருக்கு அழைத்து வரப்பட்டு, டிரம்ப் ஹோட்டலில் தங்கவைக்கப்பட்டார்கள். சவுதிக்காக வேலை செய்த நிறுவனம் காட்டிய ஹோட்டல் செலவு 2,70,000 டாலரைத் தாண்டியது. வண்டி நிறுத்தியதற்கான 1,568 டாலர்கூட அதில் விடுபடவில்லை. இவ்வளவு துல்லியமான கணக்கு பொதுமக்கள் கண்ணில் பட்டது 2017-இன் நடுவில், வீரர்கள் வந்து பேசிவிட்டுப் போன பிறகு. பணம் சவுதியுடையது என்பதே தமக்குத் தெரியாது என்று அவர்களில் சிலர் பின்னர் கூறினார்கள். இந்தத் தளம் கணக்கர்தான், காவற்காரர் அல்லர்.

ஈழப் போருக்குப் பிந்தைய அரசியலைக் கவனிப்பவர்கள் பார்க்க வேண்டிய கணக்கு வேறொன்று. அமெரிக்காவில் இலங்கையின் பெயரைச் சீர்செய்து தருவதாக, அரசியல்வாதிகளுக்கு நிதி திரட்டிவந்த அமெரிக்கத் தொழிலதிபர் இமாத் சுபேரி 2014-இல் ஒப்பந்தம் செய்தார். கொழும்பு அனுப்பிய தொகை 65 லட்சம் டாலர். அதில் 56 லட்சத்துக்கும் மேல் அவருடைய குடும்பத்தின் நலனுக்கே போனது என்றும், லாபியிஸ்டுகளுக்கும் (அரசியல்வாதிகளிடம் ஒருவர் சார்பில் ஆதரவு திரட்டுவோர்) வழக்கறிஞர்களுக்கும் விளம்பர நிறுவனங்களுக்கும் சேர்த்துச் சென்றது 8.5 லட்சத்துக்கும் குறைவு என்றும் அமெரிக்க அரசுத் தரப்பு வழக்கில் கூறியது. ஃபாரா படிவங்களில் பொய் சொன்னதையும் வேறு குற்றங்களையும் ஒப்புக்கொண்ட அவருக்கு 2021-இல் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

எனவே ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண். குறைத்த ஒன்றரை, விதிவிலக்குகளுக்காக: தூதரக அதிகாரிகள் இதில் பதிவு செய்ய வேண்டியதில்லை, வெளிநாட்டுத் தனியார் நிறுவனங்களுக்காகப் பேசுவோர், இதைவிட இலகுவான 1995-ஆம் ஆண்டு லாபிச் சட்டத்தின்கீழ் பதிந்துவிட்டு இந்தப் பட்டியலிலிருந்து விலகிக்கொள்ளலாம். ஒரு நாட்டின் பெயருக்கு எதிரே எதுவும் வரவில்லை என்றால், அந்நாடு யாரையும் அனுப்பவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.