போட்டோ கிளப்பில் ஒன்றரை வருஷம்: 1,200 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியே "எவ்வளவு வாங்குறாங்க?" என்பதுதான், அதனால் காசிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய், கல்லூரிப் பிள்ளைகளுக்கு 500. அவுட்டிங் போனால் வேன் வாடகையையும் டிபனையும் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வோம். போன வருஷம் எனக்கு எல்லாம் சேர்த்து நாலாயிரத்தைத் தாண்டியது. என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய நிக்கான் டி5600, அதனுடன் வந்த 18-55 என்ற சின்ன ஜூம் லென்ஸ், அவ்வளவுதான். கும்பகோணத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளியே தலை காட்ட முடியும். கிளப்பின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அதிலே பாதிப் பேர் என் கடையில்தான் பிரஷர் மாத்திரை வாங்குகிறார்கள். எந்த கிளப் என்று ஊர்க்காரர்களுக்குப் புரிந்துவிடும்.

கிளப் என்றதும் ஏசி ஹால், புரொஜெக்டர் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். வார நாட்களில் பத்தாம் வகுப்பு டியூஷன் நடக்கிற மாடி அறை. கரும்பலகையில் அல்ஜீப்ரா அழியாமல் இருக்கும், பெஞ்சில் முட்டி இடிக்கும். முப்பது பேர் பெயருக்கு உறுப்பினர்கள், வழக்கமாக வருவது பன்னிரண்டு பதினைந்து. ரிட்டயர் ஆன டிராயிங் மாஸ்டர் ஒருவர் (எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான்), பேங்க்காரர்கள் இரண்டு பேர், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ஒரு அக்கா, நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் நேராக வருவார், கேமராவே இல்லாமல் போனில் எடுக்கிற கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர். கல்யாண ஆர்டர் எடுக்கிற தொழில்முறைக்காரர்கள் இரண்டு பேரும் உண்டு. "மாலை மாத்துறதை எடுத்து எடுத்துக் கண்ணு மரத்துப் போச்சுண்ணே, இங்க வந்தா ஒரு குளத்தையாவது பார்க்கலாம்" என்பார் அதில் ஒருவர். போன் வைத்திருப்பவர்களை யாரும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை, இதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் ஐந்து மணிக்கு வேன் என்றால் ஐந்தே முக்காலுக்குத்தான் கிளம்பும்.

அவுட்டிங்கைப் பற்றித்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிக்குப் பாதிதான் திருப்தி. முதல் அவுட்டிங் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, நமக்கு சைக்கிளில் போகிற தூரம். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்கிற அந்தச் சின்னச் சிற்பம் இருக்கிறதே, அதன் முன்னால் பதினோரு பேர் வரிசையில் நின்றோம், ரேஷன் கடை மாதிரி. பதினோரு பேரும் ஒரே உயரம், ஒரே கோணம். அன்று ராத்திரி எல்லோர் படத்தையும் குரூப்பில் போட்டபோது எது என்னுடையது என்று எனக்கே சந்தேகம். யாரோ ஒருவர் டிரைபாட் கொண்டுவந்து காவலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். தொல்லியல் துறைக் கோயில்களில் கையில் வைத்து எடுக்கலாம், டிரைபாட் விரிக்க முன்னனுமதி வேண்டும். இதை வேன் ஏறும்போதே சொல்லியிருக்கலாம், ஒருத்தரும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் அதே கோயிலுக்கு இரண்டாவது முறை போனோம். முன்பக்கம் தாழ்வாக இருப்பதால் தண்ணீர் தேங்கி, தேர் மண்டபத்தின் சக்கரமும் குதிரையும் தலைகீழாகத் தெரிந்தன. அன்றைக்கு வந்தது ஆறே பேர், ஆறு படமும் ஆறு மாதிரி. கூட்டம் குறைந்தால் கண் திறக்கும் போல.

கோடியக்கரை போனது மார்கழியில். இங்கிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் ராத்திரி இரண்டு மணிக்கே புறப்பாடு. பூநாரைக் கூட்டம் தூரத்தில் வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்தது, என் 18-55-ல் அது ஒரு கோடாகவே இருந்துவிட்டது. பெரிய லென்ஸ் வைத்திருந்த பேங்க்காரர் 1/1600 நொடி ஷட்டரில், பறக்கிற பறவையும் உறைந்து நிற்கிற வேகத்தில், சுட்டுத்தள்ளினார். ஆனாலும் வெயில் ஏறிய பிறகு எடுத்த படம் ஒன்றுகூட ஷார்ப்பாக இல்லை. லென்ஸில்தான் கோளாறு என்று முகம் வாடிப்போனார். உப்புத்தரை சூடானால் மேலே காற்று அலையடிக்கும், கானல் மாதிரி, அதற்கு ஊடே எந்த லென்ஸில் எடுத்தாலும் பறவை தண்ணீருக்குள் இருப்பது போலத்தான் வரும், விடிந்த முதல் ஒரு மணி நேரம்தான் கணக்கு என்று நர்ஸ் அக்கா சொன்ன பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. நான் பறவையை விட்டுவிட்டு வேதாரண்யம் உப்பளத்தில் உப்பைக் குவிக்கிறவர்களை எடுத்தேன். எனக்கு அந்தப் பயணத்தில் தேறியது அதுதான்.

இனி என் குறை. மூங்கில் தோப்பு, பனை வரிசை, காலை வெயில், இதெல்லாம் டெல்டாவில் தானாகவே அழகு. அதில் கொண்டுபோய் வைக்கோலைக் கொளுத்திப் புகை போடச் சொல்வது, வலை வீசுகிறவருக்கு இருநூறு ரூபாய் கொடுத்து மீன் இல்லாத இடத்தில் பதினைந்து தடவை வீசச் சொல்வது, ஒரு தாத்தாவுக்கு வேனிலிருந்து சிவப்புத் தலைப்பாகை எடுத்துக் கட்டிவிடுவது, இதெல்லாம் எனக்கு ஒப்பவில்லை. அந்தத் தலைப்பாகை கிளப்பின் சொத்து, ஒரு பையில் மடித்து வைத்திருக்கிறார்கள்! தாத்தா சொந்தமாகக் கட்டியிருந்த பச்சைத் துண்டே நன்றாகத்தான் இருந்தது. கேட்டால், "சலானுக்கு அனுப்பணும் தம்பி, கலர் தூக்கணும்" என்கிறார்கள்.

சலான் என்றால் போட்டோ போட்டி. நான் வீட்டில் "சலானுக்கு 600 ரூபாய் கட்டணும்" என்றபோது என் மனைவி பேங்க் சலான் என்று நினைத்து, எந்த அக்கவுண்டுக்கு என்று கேட்டார். உலகம் முழுக்க நடக்கிற போட்டிகள் இவை. ஃபியாப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் ஆதரவில் நடப்பவற்றில் படம் ஏற்கப்பட்டால் எண்ணிக்கையில் சேரும், போதுமான அளவு சேர்ந்தால் பெயருக்குப் பின்னால் ஏ.எஃப்.ஐ.ஏ.பி. என்று அவர்கள் தருகிற பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். கிளப்பில் சீனியர்கள் சிலருக்கு இது ஒரு வெறி. நல்லதும் உண்டு, இயற்கைப் பிரிவில் படத்தில் எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது என்ற கட்டுப்பாட்டால் கை சுத்தமாகும். ஆனால் மற்ற பிரிவுகளுக்கென்று எடுக்கிறபோது ஏற்கெனவே ஜெயித்த படத்தின் நகலாகவே எடுக்கிறார்கள், புகையும் தலைப்பாகையும் அங்கிருந்து வந்தவைதான்.

சரி, இவ்வளவு குறை இருந்தும் சந்தாவைப் புதுப்பித்தேன். காரணம் இரண்டாம் ஞாயிறு மாலை. அன்றைக்கு ஒவ்வொருவரும் ஒரே ஒரு பிரிண்ட் கொண்டுவர வேண்டும், எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம். போனில் காட்டுவது செல்லாது. பிரிண்ட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு எடுத்தவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் சட்டம். ஐந்து நிமிஷம் எல்லோரும் சும்மா பார்ப்பார்கள். அந்த ஐந்து நிமிஷம் எனக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை ஞாபகப்படுத்தும்.

நான் முதலில் வைத்தது ஒரு வெற்றிலைக்காரர் படம். கவுளி கவுளியாக எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார், தலைக்கு மேலே எல்இடி பல்பு, பின்னால் பிளாஸ்டிக் குடம், பக்கத்தில் ஒரு மொபெட்டின் பாதி டயர். மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து கறுப்பு அட்டையில் வெட்டிய இரண்டு 'ட' வடிவத் துண்டுகளை எடுத்தார். படத்தின் மேல் அவற்றைச் சட்டம் போல வைத்து மெதுவாக நகர்த்தினார். முதலில் டயர் போனது. பிறகு குடம், பிறகு பல்பு, அப்புறம் வெற்றிலைக்காரர் முகமும் போனது. மிஞ்சியது ஈரமான பத்து விரலும், நடுவிரலில் சிக்கி மடங்கி நிற்கிற ஒரு இலையும். "இதைப் பார்த்துத்தானே நின்ன? அப்புறம் ஏன் பின்னால போன?" என்றார். பதில் சொல்ல வாய் திறந்தேன், "நீ பேசக்கூடாது" என்று எல்லோரும் கத்தினார்கள். அடுத்த வாரமே போய்க் கிட்டத்தில் எடுத்தேன், எல்லாம் மசமசவென்று வந்தது. 18-55-க்குக் கால் மீட்டர் இடைவெளியாவது வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், கையில் பட்டது அன்றைக்குத்தான்.

மாஸ்டர் இடையிடையே கதையும் சொல்வார். 1858-ல், தஞ்சாவூருக்கு ரயில் வருவதற்கும் முன்னால், லின்னேயஸ் டிரைப் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக் கேப்டன் வந்து பெரிய கோயிலை எடுத்திருக்கிறார், திருவையாற்றையும் எடுத்திருக்கிறார். விமானத்தின் அடியில் ஓடுகிற கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்ட்டுகளை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினாராம். இன்றைக்குப் போனில் பட்டனைத் தட்டிக் கையைத் திருப்பினால் பனோரமா. "அவன் எழுத்தைப் படிக்கத் தெரியாமலேயே ஒரு எழுத்து விடாம எடுத்திருக்கான், நீங்க தெரிஞ்சும் விட்டுட்டு வர்றீங்க" என்பது மாஸ்டரின் நிரந்தரப் புலம்பல்.

பிரிண்ட் கட்டாயம் என்பதால் இன்னொரு வழக்கமும் வந்தது, அது போன புரட்டாசியில் நடந்த ஒன்றினால். திருப்பனந்தாள் பக்கம் சம்பா நடவு எடுக்கப் போயிருந்தோம். வரப்பில் ஒன்பது கேமரா, சேற்றில் பதினாறு பெண்கள். குனிந்த முதுகுகள் ஒரே வரிசையாக, தண்ணீரில் வானம், எல்லோருக்கும் பிரமாதமான படம். கிளம்பும்போது ஒரு பெரியம்மா, "எடுத்துட்டுப் போறீங்களே, எங்களுக்கு ஒண்ணு குடுப்பீங்களா, இப்படித்தான் வர்றவங்க எல்லாம் சொல்லிட்டுப் போறாங்க" என்றார். நர்ஸ் அக்காவுக்கு அது உறுத்திவிட்டது. லேபில் பதினாறு காப்பி போட்டு, இரண்டு வாரம் கழித்து அவரும் நானும் மட்டும் போனோம். பெரியம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். "இதுல நான் யாரு?" என்றார் அவர். நாங்கள் ஆளுக்கொரு முதுகைக் காட்டினோம். "முதுகை வெச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நிமிர்ந்தப்ப எடுத்திருக்கலாம்ல?" பதினாறு பேரும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அங்கேயே கரையில் நிற்கவைத்து ஒவ்வொருவராக எடுத்தோம். சிலர் ஓடிப்போய் முகம் கழுவிவிட்டு வந்தார்கள், ஒருவர் பேத்தியைக் கூட்டிவந்து இடுப்பில் வைத்துக்கொண்டார். கலை என்று பார்த்தால் அவை ரேஷன் கார்டு போட்டோக்கள்தான்.

அதை அடுத்த இரண்டாம் ஞாயிறு மேசையில் வைத்தோம். மாஸ்டர் அட்டையை எடுத்தார், வைத்தார், மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "தாத்தன் பாட்டன் கொடுத்ததையெல்லாம் கல்லுல வெட்டி வெச்ச ஊரு இது, எடுத்ததைத் திருப்பிக் குடுக்கணும்னு நமக்குத் தோணலையே" என்றார். அதிலிருந்து ஒவ்வொரு அவுட்டிங்குக்கும் சந்தாப் பணத்தில் பிரிண்ட் போட்டு எடுத்துப் போய்க் கொடுக்கிறோம். எல்லோரும் வருவதில்லை, கொடுக்கப் போகிற வேனில் எப்போதும் நாலைந்து பேர்தான். தலைப்பாகைப் பை இன்னும் இருக்கிறது, ஆனால் முன்பு போல அடிக்கடி வெளியே வருவதில்லை.

சின்னச் சின்ன உபயோகங்களும் உண்டு. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் நம் பக்கம் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது நிச்சயம். நான் கேமராவை அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தேன், அதைக் கேட்டுவிட்டு அக்கா தலையிலேயே அடித்துக்கொண்டார், மாவுத்தூள் உள்ளே போய்விடுமாம். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஒரு ஈரப்பத மீட்டர், ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். ட்ரோன் ஆசையோடு வருகிற பையன்களுக்கு, தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, வரைபடத்தில் சிவப்புப் பகுதி எது என்று பார்க்காமல் பறக்கவிடாதே என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். டிரைபாட் விஷயத்தில் கோட்டை விட்டவர்கள் இதில் உஷார்.

பெண்கள் நாலு பேர்தான், ராத்திரி இரண்டு மணிக்கு வேன் என்றால் அதிலும் இரண்டு பேரால்தான் வர முடிகிறது. பகல் அவுட்டிங் கூட்டுங்கள் என்று அக்கா ஒரு வருஷமாகக் கேட்கிறார், "வெயில்ல என்ன லைட் இருக்கும்" என்று தட்டிக் கழிக்கிறார்கள். குரூப்பில் காலை வணக்கத்தோடு வருகிற ரோஜாப்பூக்களைத் தனியாக ஒரு சலானுக்கு அனுப்பலாம். கணக்கு வழக்கு மட்டும் சுத்தம், மாதா மாதம் வரவு செலவைக் கரும்பலகையில், அல்ஜீப்ராவுக்குப் பக்கத்திலேயே எழுதிப் போட்டுவிடுவார்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அவுட்டிங்குக்கு இரண்டரை, ஞாயிறு மேசைக்கு ஐந்து. லென்ஸ் வாங்குவதைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் அதற்கு இந்த கிளப் வேண்டாம், கடைக்காரரே போதும். சேர நினைக்கிறவர்கள் சந்தா கட்டுவதற்கு முன் ஒரு இரண்டாம் ஞாயிறு நாலரை மணிக்குச் சும்மா வந்து உட்கார்ந்து பாருங்கள், காசு கேட்க மாட்டார்கள். வரும்போது எட்டுக்குப் பன்னிரண்டில் ஒரு பிரிண்ட் போட்டுக்கொண்டு வாருங்கள். முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள், மூன்றாவது பெஞ்சில் ஆணி இருக்கிறது.