கணையப் புற்றுநோயின் போக்கைக் கணிக்க: சிஏ 19-9, சிஇஏ, ஸ்மாட்4

கணையப் புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்க எந்தக் குறியீட்டை முதன்மையாகக் கொள்வது என்ற கேள்வி எங்கள் பிரிவில் எழுந்தபோது நான் இரத்தத்தில் அளக்கும் சிஏ 19-9 பக்கம் நின்றேன். இன்றும் அதே கருத்துதான். கறாராகச் சொன்னால் அது புரதமன்று, புரதங்களின் மேல் அமர்ந்திருக்கும் ஒரு சர்க்கரைத் தொடர்.

இரத்தத்தில் அளக்கும் இன்னொரு குறியீடான சிஇஏ பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இந்த நோயில் அதன் உணர்திறன் குறைவு. புகைபிடிப்பவர்களிடம் புற்று இல்லாமலும் அது உயரும்.

கட்டியின் திசுவில் தேடும் புரதமான ஸ்மாட்4 அப்படித் தள்ளிவிடக் கூடியதன்று. ஏறத்தாழ பாதிக் கட்டிகளில் இந்தப் புரதம் இல்லாமல் போகிறது. இந்தப் புரதத்தைக் காட்டும் சாயமிட்டால், சுற்றியுள்ள நார்த்திசு செல்கள் பழுப்பாக, புற்றுச் சுரப்பிகள் மட்டும் நீலமாகவே நிற்பதை நுண்ணோக்கித் தகட்டில் காணலாம். இந்தப் புரதத்தை இழந்த கட்டிகள் தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவலாகப் பரவும் போக்குடையவை என்று 2009-இல் வெளியான பிணக்கூறாய்வு அடிப்படையிலான ஆய்வு காட்டியது. ஆனால் இதற்குத் திசு வேண்டும். ஊசியில் எடுத்த மாதிரியில் நார்த்திசுவுக்கு நடுவே சில புற்றுச் செல்களே கிடைப்பதுண்டு. கிடைத்த விடையும் அந்த ஒரு நாளுக்கானது.

என் தேர்வை முடிவு செய்தது இந்த இடம்தான். கீமோதெரபி பலிக்கிறதா, அறுவைக்குப் பின் நோய் மிஞ்சியிருக்கிறதா என்பவை மாதந்தோறும் மாறக்கூடிய கேள்விகள். அவற்றுக்குத் திரும்பத் திரும்ப எடுக்கக்கூடிய இரத்தப் பரிசோதனையே ஈடுகொடுக்கும். அறுவைக்குப் பிறகும் சிஏ 19-9 மில்லிலிட்டருக்கு 180 யூனிட்டுக்கு மேல் இருந்தவர்களின் ஆயுட்காலம் கணிசமாகக் குறைந்திருந்ததை அறுவைக்குப் பிந்தைய சிகிச்சை பற்றிய ஆர்டிஓஜி 9704 ஆய்வு காட்டியது. இயல்பு வரம்பான 37 யூனிட்டைத் தாண்டியதா என்று மட்டும் பார்ப்பதைவிட, அடுத்தடுத்த அளவுகள் எந்தத் திசையில் போகின்றன என்று பார்ப்பதே எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

நிபந்தனைகள் உண்டு, அவை கடுமையானவை. கணையத் தலையில் உள்ள கட்டி பித்தநாளத்தை அடைத்தால், புற்றின் பளுவுக்குப் பொருந்தாத அளவுக்கு இந்த எண் ஏறும். அடைப்பைத் திறக்கும் குழாயான ஸ்டென்ட் வைத்ததும், கட்டிக்கு எந்தச் சிகிச்சையும் தராமலே, இறங்கும். ஆகவே பித்த நிறமியான பிலிருபின் இயல்புக்குத் திரும்பிய பின் எடுத்த அளவையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். பரிசோதனைக் கிட் மாறினால் எண்ணும் மாறும் என்பதால், ஆய்வகத்தை மாற்றாமல் இருப்பதும் அவ்வளவு முக்கியம்.

லூயிஸ் ஆன்டிஜென் (சிஏ 19-9 சார்ந்திருக்கும் இரத்தவகைச் சர்க்கரை) இல்லாத 5 முதல் 10 சதவீதத்தினரிடம் நோய் முற்றிய நிலையிலும் சிஏ 19-9 பெரும்பாலும் உயராது. அவர்களுக்குச் சிஇஏவையும் ஸ்கேனையும் சேர்த்தே பார்க்கிறோம்; அத்தகையோரை நான் குறைவாகவே கவனித்திருப்பதால், அங்கே சிஇஏவுக்கு எவ்வளவு எடை தரலாம் என்று உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். அறுவையில் திசு எப்படியும் கிடைத்துவிட்டால், ஸ்மாட்4-ஐ ஒருமுறை பார்த்துப் பதிந்துவைப்பதே நல்லது.