பினாங்கா, மலாக்காவா? ஒரு வாரக் குடும்பப் பயணத்துக்கு எந்தப் பக்கம் போகலாம்

மலேசியாவுக்கு ஒரு வாரம் குடும்பத்தோடு போகிறோம், கோலாலம்பூர் இரண்டு நாள் போக மீதியை எங்கே கழிப்பது என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நாங்கள் இரண்டு திசையிலும் போயிருக்கிறோம். முதல் தடவை வடக்கே பினாங்கு, அங்கிருந்து லங்காவித் தீவு. மூன்று வருடம் கழித்துத் தெற்கே மலாக்கா. இரண்டு தடவையும் அதே ஐந்து பேர்: நான், மனைவி, மகள், மகன், முட்டிவலியோடு என் அம்மா. ஊர் அழகா என்பதைவிட, அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து நடக்கத் தோதான ஊரா என்பதுதான் எங்களுக்கு முக்கியமாக இருந்தது.

பினாங்கின் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008இல் ஒன்றாக, ஒரே பெயரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. அதனால் ஒன்றைப் பார்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மலாக்கா 1400ஆம் ஆண்டு வாக்கில் பரமேஸ்வரா தொடங்கிய துறைமுக அரசு. ஜார்ஜ் டவுனோ 1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பினாங்குத் தீவில் இறங்கிய பிறகு வளர்ந்த ஊர். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட நானூறு வருட இடைவெளி.

போய்ச் சேருவதில் மலாக்கா சுலபம். கோலாலம்பூரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். பேருந்தில் இரண்டு மணி நேரம் சொச்சம். ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது, அதனால் ரயிலை யோசிக்கவே வேண்டாம். பினாங்கு அதைவிட இரு மடங்குக்கும் மேல் தூரம். விமானத்தில் ஒரு மணி நேரம். நாங்கள் பட்டர்வொர்த் வரை மின்சார ரயிலில் போனோம், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆனால் அந்த வழியைத்தான் நான் சொல்வேன். பட்டர்வொர்த்தில் இறங்கினால் எதிரே ஃபெர்ரி. இப்போது கார்களை ஏற்றுவதில்லை, ஆட்களும் பைக்குகளும் மட்டும்தான். கால் மணி நேரத்தில் தீவு. அம்மாவின் பெரியப்பா அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். கம்பியைப் பிடித்துக்கொண்டு கரை நெருங்குவதைப் பார்த்த அம்மா, இறங்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. 13.5 கிலோமீட்டர் பாலத்தில் காரில் வந்திருந்தால் அந்தக் காட்சி எங்களுக்குக் கிடைத்திருக்காது.

ஜார்ஜ் டவுனில் நடப்பது பெரியவர்களுக்கு ஏற்றது. பழைய கடைவீடுகளின் முன்புறம் கூரை போட்ட ஐந்தடி நடைபாதை உண்டு. வெயிலும் மழையும் தலையில் விழாது. சில இடங்களில் மோட்டார் சைக்கிளும் சரக்குப் பெட்டியும் வழியை மறிக்கும், அங்கே ரோட்டில் இறங்கித்தான் போகவேண்டும். ஒரே சாலையை ஒட்டி 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், பக்கத்துக் குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், கொஞ்சம் தள்ளி 1801இல் தொடங்கிய கபித்தான் கெலிங் பள்ளிவாசல். நிதானமாக நடந்தாலும் அரை மணி நேரம்தான். அந்தப் பள்ளிவாசல் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்தவர் எழுப்பியது. சூலியா தெரு என்ற பெயரும் அவர்களால்தான் வந்தது. மகனுக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். ஆர்மேனியன் தெருவில் நிஜ சைக்கிளோடு சேர்த்துச் சுவரில் வரைந்த இரண்டு குழந்தைகளின் ஓவியம், பினாங்கு மலைக்குப் போகும் ரயில் இரண்டுமே அவனுக்குப் போதுமாக இருந்தன. அந்த மலை ரயில் 1923இல் வந்தது, இப்போது ஓடுவது புதிய பெட்டி. காலையிலேயே போய்விடுங்கள், பிறகு வரிசை நீளும்.

சாப்பாட்டில் பினாங்குக்குப் பக்கத்தில் மலாக்கா வரமுடியாது என்பது என் கருத்து. நாசி கண்டார் என்பது தமிழ் முஸ்லிம்கள் தோளில் கழி வைத்து இரு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு விற்றதில் வந்த பெயர். ‘கண்டார்’ அந்தக் கழி. எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லிச் சாப்பிட வேண்டும். சைவக்காரர்களுக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடே கிடைக்கும், அம்மாவுக்கு ஒருவேளைகூடச் சிரமம் வரவில்லை. மலாக்காவில் சீனமும் மலாயும் கலந்த நோன்யா சமையல் அருமை. ஆனால் பெலாச்சான் எனும் இறால் விழுது பலதிலும் கலந்திருக்கும், சைவம் என்றால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

வரலாறு என்று வந்தால் மலாக்காவுக்கே என் ஓட்டு. செயின்ட் பால் குன்றின்மேல் நின்றால் நான்கு ஆட்சிகளின் கதையையும் பிள்ளைகளுக்கு விரலால் காட்டிச் சொல்லிவிடலாம். குன்றடியில் சுல்தான்களின் அரண்மனை மாதிரி மரத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள். 1511இல் பிடித்த போர்த்துகீசியர் கட்டிய கோட்டையில் ஒரே ஒரு வாசல் மிச்சம். மற்றதைப் பிரிட்டிஷ்காரர்கள் 1807 வாக்கில் இடித்துவிட்டார்கள். 1641இல் வந்த டச்சுக்காரர்களின் ஆட்சி அலுவலகமான ஸ்டாட்ஹைஸும் 1753இல் முடிந்த கிறிஸ்து ஆலயமும் செக்கச்செவேலென்று கீழே தெரியும். 1824க்குப் பிறகு பிரிட்டிஷ் ஆட்சி. மேலே இருக்கும் கூரையில்லாத தேவாலயத்தில்தான் 1553இல் பிரான்சிஸ் சேவியரின் உடலைச் சில மாதம் அடக்கம் செய்து, பிறகு கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் நிற்கும் அவர் சிலைக்கு வலது கை இல்லை. அது ஏன் என்று மகள் கேட்ட கேள்விகளிலேயே ஒரு சாயங்காலம் போனது. போர்த்துகீசியர் ‘நைனா சட்டு’ என்று எழுதிவைத்த ஒரு தமிழ் வணிகர் அவர்களுக்கு உதவி, பிறகு இந்த ஊரிலேயே பெரிய பதவியில் இருந்தார் என்பதையும் அங்கேதான் சொன்னேன். ஆனால் குன்றுக்குப் படி ஏறவேண்டும். அம்மா பாதிவழியில் நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

தீவு வேண்டும் என்றால் பேச்சே இல்லை, வடக்குதான். மலாக்காவுக்கும் புலாவ் பெசார் என்று ஒரு தீவு உண்டு, இஸ்லாமியப் பெரியவர்களின் அடக்கத்தலங்கள் உள்ள இடம். பிள்ளைகள் கேட்கும் கடல் விளையாட்டுக்கு லங்காவியின் செனாங் கடற்கரை, கிலிம் அலையாத்திக் காட்டில் படகு, மச்சின்சாங் மலைக்குக் கேபிள் கார். கெடா கரையிலிருந்து லங்காவிக்குப் படகில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். அன்று கடல் கொஞ்சம் முரண்டு பிடித்ததில் மகன் வாந்தி எடுத்துவிட்டான். மாத்திரை கையில் இருக்கட்டும். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம், டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். நம் பிள்ளைகளுக்கு லீவு விடும் மே மாதத்தில் சாயங்கால இடிமழை வரலாம்.

வடக்கே போகிறவர்களை நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று: பினாங்கிலிருந்து லங்காவி படகுத்துறைக்குக் காரில் போகும்போது மெர்போக்கில் இறங்கிப் பூஜாங் பள்ளத்தாக்கைப் பாருங்கள். வழியிலேயே சின்ன விலகல்தான். 1025இல் ராஜேந்திரனின் கடற்படை போன கடாரத்தின் பக்கம் இது. புக்கிட் பத்து பகாட்டில் ஒரு கோயிலின் கல் அடித்தளத்தை இருந்த இடத்திலேயே சீரமைத்து வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் ஓடை, அருங்காட்சியகம். நாங்கள் போன அன்று வேறு யாருமே இல்லை. 2013இல் இந்தப் பகுதியில் ஒரு ‘சண்டி’யை, அதாவது பழங்காலக் கோயில் எச்சத்தை, வீட்டுமனைக்காக இடித்தே விட்டார்கள். ஆள் வராத இடத்துக்குக் காவல் குறைவு. நாம் போனால் அதுவும் ஒரு காவல்.

நாள் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். ஏழு நாளும் கையில் இருந்தால் பினாங்கு மூன்று இரவு, லங்காவி இரண்டு. நான்கே நாள்தான் என்றால் கோலாலம்பூரும் மலாக்காவும், அதிலும் மலாக்காவில் இரண்டு இரவு தங்கவேண்டும். காலையில் போய் மாலையில் திரும்பும் ஒருநாள் சுற்றுலாவை எடுக்காதீர்கள். வெயில் தாழ்ந்த பிறகு ஆற்றில் படகில் போவதும், வெள்ளி முதல் ஞாயிறு வரை ஜோங்கர் தெருவில் நடக்கும் இரவுச் சந்தையும் அதில் விட்டுப்போகும். இந்தியர்களுக்கு டிசம்பர் 2023 முதல் 30 நாள் வரை விசா வேண்டாம் என்ற சலுகை வந்தது. கிளம்பும் முன் அது தொடர்கிறதா என்று பார்த்துவிட்டு, டிஜிட்டல் வருகை அட்டையையும் நிரப்பிவிடுங்கள்.

ஒரே ஒரு தடவைதான் போகமுடியும் என்றால் நான் வடக்கைத்தான் சொல்வேன். பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள். அம்மா மட்டும் மலாக்கா என்பார். அங்கே 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயிலைப் பார்த்துவிட்டுச் சிட்டி கிராமத்துக்குப் போனோம். பல நூறு வருடம் முன் வந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம். வீட்டில் மலாய் பேசுகிறார்கள், வழிபாடு நம்முடையது. கெபாயா எனும் மலாய் மேற்சட்டை உடுத்திய ஒரு வயதான அம்மாள் மாரியம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார். தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் அம்மாவுக்குச் சொன்னேன்: போகியன்று முன்னோருக்கு இலை போட்டுப் படைப்போம் என்றார். “நம்ம வீட்டுலயும் உண்டுன்னு சொல்லுடா” என்றார் அம்மா. அதற்குப் பிறகு நான் தேவைப்படவில்லை. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.