முதுகலைப் பாடத்திட்டம் யார் கையில்? இணைவுக் கல்லூரியும் தன்னாட்சிக் கல்லூரியும்

எம்.ஏ. பொருளியல் வகுப்பை இரண்டு வகைக் கல்லூரியிலும் எடுத்திருக்கிறேன். முதலில் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் ஒன்பது ஆண்டுகள். 2019 முதல், பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில். எங்கே சேரலாம் என்று இளைய ஆசிரியர்கள் கேட்கும்போது நேரில் சொல்வதை இங்கே எழுதுகிறேன். என் சாய்வு தன்னாட்சிப் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். பட்டம் இரண்டு இடத்திலும் பல்கலைக்கழகம் கொடுப்பதுதான். கல்லூரி ஆசிரியராக வேண்டிய நெட், செட் தகுதியில் வித்தியாசம் இல்லை. தன்னாட்சி புதிய ஏற்பாடும் இல்லை. 1964-66 கோத்தாரி கல்விக் குழு பரிந்துரைத்தது; சென்னை லயோலா, சென்னைக் கிறித்துவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை 1978லேயே தன்னாட்சி பெற்றுவிட்டன. வேலை தன்னாட்சியில்தான் அதிகம். வினாத்தாள், திருத்தம், முடிவு வெளியீடு எல்லாம் நம் தலையில்தான் விழும்.

என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி. பாடத்திட்டத்தில் ஒரு வரி பழசாகிவிட்டால், அதை மாற்ற யாரிடம் போக வேண்டும், எத்தனை நாள் ஆகும்?

இணைவுக் கல்லூரியில் அந்த வரி பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவின் (போர்டு) கையில் இருக்கிறது. கீழே எத்தனையோ கல்லூரிகள், போர்டில் இடமோ சிலருக்குத்தான். ஒன்பது ஆண்டில் என்னிடம் ஒருமுறைகூட யாரும் கருத்துக் கேட்டதில்லை. புதுப் பாடத்திட்டம் பிடிஎஃப் ஆக வரும், பிரிண்ட் எடுத்து வகுப்புக்குப் போவோம். அவ்வளவுதான் என் பங்கு.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. பொது நிதியியல் தாளில் மறைமுக வரிக்கான அலகு அப்போதும் விற்பனை வரி, கலால் வரி, வாட் (மதிப்புக் கூட்டு வரி) என்றே இருந்தது. பெட்ரோலுக்கும் மதுவுக்கும் வாட் இன்றும் இருக்கிறது, சரி. ஆனால் நாட்டின் வரி அமைப்பே மாறிவிட்ட பிறகு முதுகலை மாணவர்களுக்கு அதை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. ஜிஎஸ்டியையும் சேர்த்து நடத்தினேன். அடுத்த ஆண்டு நவம்பர் தேர்வுக்கு முந்தைய நாள் ஒரு மாணவி துறைக்கு வந்தாள். “சார், வாட் கேட்டா பழசை எழுதவா, இப்ப இருக்கிறதை எழுதவா?” என்றாள். இரண்டையும் எழுதும்மா என்றேன். வேறென்ன சொல்ல?

அந்தப் பருவத்தில், எல்லாக் கல்லூரி விடைத்தாள்களையும் ஒரே இடத்தில் திருத்தும் மைய மதிப்பீட்டுக்கும் போனேன். வேறு ஏதோ ஒரு கல்லூரியின் விடைத்தாள் கைக்கு வந்தது. வாட் கேள்விக்கு அந்தப் பிள்ளை மூன்று பக்கம் ஜிஎஸ்டியை எழுதியிருந்தது. உள்ளீட்டு வரி வரவு, ஜிஎஸ்டி மன்றத்தில் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு, தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு என எல்லாம் சரியாக இருந்தது. விடைக்குறிப்பில் அதற்கு மதிப்பெண் இல்லை. தலைமைத் தேர்வாளரிடம் கேட்டேன். விடைக்குறிப்புப்படிதான் போட முடியும் என்றார். அவர் மேல் தப்பில்லை. வினாத்தாள் எடுத்தவர் மேலும் தப்பில்லை, பாடத்திட்டத்தில் இருந்ததைத்தான் அவர் கேட்டார். அந்த வகுப்பில் நின்று பாடம் நடத்தியவரிடம் யாருமே கேட்காததுதான் பிரச்சினை. அந்த விடைத்தாள்தான் என்னை வேறு இடம் பார்க்க வைத்தது.

தன்னாட்சிக் கல்லூரியில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஒவ்வொரு துறைக்கும் தனிப் பாடத்திட்டக் குழு உண்டு. துறைத்தலைவர் தலைவர், துறை ஆசிரியர்கள் உறுப்பினர்கள். கல்லூரியின் கல்விக் குழு (அகடமிக் கவுன்சில்) நியமிக்கும் வெளி நிபுணர்கள் இருவர், முதல்வர் அனுப்பும் ஆறு பெயரிலிருந்து துணைவேந்தர் தேர்ந்தெடுக்கும் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் என்று வெளியாட்களும் இருப்பார்கள்.

நான் உட்கார்ந்த முதல் கூட்டத்தில் முன்னாள் மாணவராக வந்தவர் வங்கியில் வேலை பார்ப்பவர். “எம்.ஏ. முடிச்சு வர்ற பிள்ளைங்களுக்கு நம்ம மாநில பட்ஜெட்டைக் கையில கொடுத்தா எங்க ஆரம்பிக்கணும்னு தெரியலை” என்றார். பேச்சு அப்படியே திரும்பிவிட்டது. ஒரு அலகு முழுக்க மாநில நிதி என்று நான் கேட்டேன். வரிப் பகிர்வு, மாநிலத்தின் சொந்த வரி வருவாய், வருவாய்ப் பற்றாக்குறை. ஒன்றிய வரிகளிலிருந்து மாநிலங்களுக்குப் பதினைந்தாவது நிதிக்குழு பரிந்துரைத்த 41 விழுக்காட்டுப் பகிர்வில் தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடு எப்படி வந்தது என்பதை மாணவர்களே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். துணைவேந்தர் அனுப்பிய பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து அலகில் ஒன்றை இதற்குக் கொடுத்தால் கோட்பாடு மெலிந்துவிடும் என்றார். ஒரு மணி நேரம் வாதம். கடைசியில் பொதுக் கடன் பகுதியைச் சுருக்கி இடம் பண்ணினோம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதனால் கோட்பாட்டு அலகில் நான் கைவைக்கவில்லை. மினிட்ஸ் எழுதி, கல்விக் குழுவில் ஒப்புதல் வாங்கி, ஜூனில் வகுப்பில் நடத்தினேன். சில மாதங்கள்தான் ஆனது.

அதே கூட்டத்தில் மறைமுக வரி அலகின் கடைசியில் ‘அண்மை மாற்றங்கள்’ என்று ஒரு வரி சேர்த்தோம். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டியில் 12, 28 அடுக்குகள் பெரும்பாலும் போய் 5, 18, சில பொருள்களுக்கு 40 என்று ஆனது. பாடத்திட்டத்தில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. அடுத்த நாளே வகுப்பில் பேசினோம்.

2023இல் தமிழ்நாட்டில் எல்லாக் கல்லூரிக்கும் ஒரே பொதுப் பாடத்திட்டம் என்று பேச்சு வந்தபோது தன்னாட்சிக் கல்லூரி ஆசிரியர்கள் எதிர்த்ததும் இதனால்தான். மாற்றும் உரிமை கையை விட்டுப் போனால் மிஞ்சுவது கூடுதல் தேர்வு வேலை மட்டும்தான்.

இணைவுக் கல்லூரிப் பக்கம் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஒரே வினாத்தாள், முகம் தெரியாத திருத்துநர். ஊர்ப்புறக் கல்லூரியில் படித்த பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் ஒரே அளவுகோலில் நிற்கிறார்கள். மதிப்பெண் விஷயத்தில் உள்ளூர் அழுத்தம் ஆசிரியர் மேல் வருவதில்லை. தன்னாட்சியில் நாமே நடத்தி, நாமே கேள்வி எடுத்து, நாமே திருத்தினால் மதிப்பெண் இளகிவிடும் ஆபத்து நிஜமானது. எங்கள் கல்லூரியில் முதுகலைத் தாளை வெளியாள் ஒருவரும் திருத்துகிறார், அதனால் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று நான் உறுதி சொல்ல முடியாது. நான் பார்த்தது ஒரே ஒரு தன்னாட்சிக் கல்லூரி, அதுவும் அரசு உதவிபெறும் பிரிவு. செய்முறைத் தேர்வு உள்ள அறிவியல் துறைகளில் நான் வேலை பார்த்ததில்லை. முனைவர் பட்டத்துக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. பதிவு முதல் வாய்மொழித் தேர்வு வரை இரண்டு வகைக் கல்லூரிக்கும் பல்கலைக்கழக விதிதான்.

அப்புறம் ஒன்று. தன்னாட்சி என்று பலகை மாட்டியிருக்கும் எல்லா இடத்திலும் போர்டு உயிரோடு இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நேர்காணலுக்குப் போகும் அன்றைக்குத் துறைத்தலைவரிடம் கடைசி இரண்டு கூட்டங்களின் மினிட்ஸைக் கேட்டுப் பாருங்கள். வெளி நிபுணர் சொன்னதாக ஏதாவது ஒரு வரி அதில் இருக்கிறதா, அந்த வரி அடுத்த ஆண்டுப் பாடத்திட்டத்தில் ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள். ‘பாடத்திட்டம் அங்கீகரிக்கப்பட்டது’ என்பது மட்டும் இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு தடவை யோசியுங்கள்.